ஜோடியில்லாக் கட்டம்

"வந்து உட்கார்ந்தா ரெண்டு வார்த்தை பேசணும். பிணத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி சும்மா உட்கார்ந்துட்டிருந்தா எப்படி?"

பின்னறையில் குப்புறக் கிடந்த கணவனின் குரல், கூடத்தைக் கடந்து, முன்னறையில் எழுதிக்கொண்டிருந்த அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினாள்.

கொஞ்சம் கழித்து, "சரி சரி, கோவிச்சுக்காத" என்று ஒரு முனகல் கேட்டது. தூரத்தில் இருப்பவளுக்குச் சொல்வதானால் குரல் உயர்ந்திருக்கும். அது பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிற அளவில்தான் இருந்தது.

அவனுக்கு வலது கண்ணின் விழித்திரை கழன்றுபோய், அறுவை செய்து, உள்ளே ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பியிருந்தார்கள். குமிழி மேலே மிதந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக ஒரு வாரம் இரவும் பகலும் குப்புறக் கிடக்க வேண்டும். "தலையைத் தூக்கினீங்கன்னா அந்தக் கண்ணை மறந்துடுங்க" என்று டாக்டர், பழைய சரக்கைத் திரும்ப எடுக்க மறுக்கும் கடைக்காரனின் முகத்தோடு சொல்லியிருந்தார். இடது கண்ணில் பழுதில்லை. ஆனால் குப்புறக் கிடப்பவனுக்கு அதனால் என்ன லாபம்? ஊரார் தரைக்கெல்லாம் டைல்ஸ் விற்றவன், இப்போது கட்டிலின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டு, தன் வீட்டுத் தரையையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்பது வயதிலும் அழகாகச் சண்டை போடும் தம்பதி அவர்கள். கட்டிலில் கிடப்பதால் அவன் நாக்கு இன்னும் நீண்டிருந்தது. அதனால் அவள் அந்தப் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி கட்டத்துக்குள் குனிந்தாள்.

அவள் ஒரு பத்திரிகைக்கு ஞாயிறுதோறும் குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவள். நேரான புதிர் அல்ல, பூடகக் குறிப்புகள் கொண்டது. கட்டத்துக்குக் கீழே 'கொக்கி' என்ற புனைபெயர் மட்டும் இருக்கும். வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. குறிப்பு எழுதுவதும் வியாபாரம்தான் என்பது அவள் கட்சி. சரக்கில் கலப்படம் கூடாது, எடையில் மோசம் கூடாது. ஆனால் வருகிறவன் கண்ணை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, பொருளை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். வாங்கிப் போனவன் வீட்டில் போய்ப் பிரித்துப் பார்த்து, "அடப் பாவி, சொல்லித்தான் கொடுத்திருக்கா" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அப்படி எத்தனை பேர் ஞாயிறு காலையில் தன்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தாலே அவளுக்குத் தேநீர் இனிக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில் இருக்க வேண்டும். மேல் இடது மூலையில் ஒன்றைக் கறுப்பாக்கினால் கீழ் வலது மூலையில் அதன் ஜோடியும் கறுப்பாக வேண்டும். போன ஞாயிறு அவள் அதை மீறியிருந்தாள். மேல் மூலையில் எந்தச் சொல்லும் பொருந்தாமல் போக, ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினாள். கீழ் மூலையில் அவளுக்குப் பிடித்த ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை. யார் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

தொலைபேசி அடித்தது. புதிர்ப் பக்கத்தின் ஆசிரியர். கண்டதையும் வெட்டுவதால் அவருக்கு அவள் வைத்த பெயர் கத்தரி.

"மேடம், போன வாரம் ஒரு கறுப்பு ஜோடி இல்லாம நிக்குது."

"அச்சாகி வந்த பிறகா சார் கண்ணுல படுது?"

"என் கண்ணுல படல. வாசகர் ஒருத்தர் அரை மணி நேரம் காதுல ரத்தம் வர வச்சார். எதிர் மூலையில வெட்டியிருக்கலாமே?"

"நல்ல சொல் சார் அது."

"நல்ல சொல்லை வெட்டத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் கத்தரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "விளையாட்டுக்குச் சொல்லல மேடம். அந்த இன்னொரு கறுப்பு எங்கயாவது விழுந்தாத்தான் எனக்கு நிம்மதி. பாதி மூடின கதவு மாதிரி உறுத்துது."

அவள் வைத்துவிட்டாள். வெளியே மழைக்கு மேகம் கூடி, சாயங்கால வெளிச்சம் பழைய செம்புப் பாத்திரத்தின் உட்புறம் போல மங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணின் வாடையோடு, அவள் மூடி வைக்க மறந்த கறுப்பு மார்க்கரின் காரமான நெடியும் அறைக்குள் சுற்றியது. கணவனுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம். எழுந்தாள்.

அந்த வீட்டைக் கோடு போட்டுக் கட்டியவன் அவன்தான். முன்னறை, நடுவில் சதுரக் கூடம், பின்னறை. தரை பதிப்பவன் நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்லி, வீட்டின் சரியான மையத்தில், கூடத்தில், ஒரே ஒரு கறுப்பு டைல்ஸ் பதித்திருந்தான். மற்றதெல்லாம் வெள்ளை. அவள் மேசை முன்னறையின் இடது மூலையில். அவன் கட்டில் பின்னறையின் வலது மூலையில்.

கூடத்தைக் கடக்கும்போது அவள் காலடிக்கு எதிரொலி கேட்டது. சாமான் நிறைந்த வீட்டில் எதிரொலி ஏது? கறுப்பு டைல்ஸுக்கு அருகே வந்தபோது, குறுகிய சந்தில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்குவோமே, அப்படி இடப்பக்கமாக ஒதுங்கினாள். எதிரே யாரும் இல்லை. தோளை ஒட்டி ஒரு குளிர்ச்சி மட்டும் போயிற்று. மார்க்கர் நெடியோடு.

"இப்பத்தான எழுந்து போன, அதுக்குள்ள என்ன?" என்றான் கணவன் தரையைப் பார்த்தபடி.

"எங்க எழுந்து போனேன்?"

"இங்கேருந்துதான். மெத்தை தூக்கிப் போட்டுச்சு. உன் எடைக்கு வேற யார் உட்கார்ந்தா இப்படி அமுங்கும்?"

கட்டிலின் விளிம்பில், அவன் இடுப்புக்கு அருகே, விரிப்பில் ஒரு பள்ளம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிமிர்ந்து சமமானது. அவள் அங்கே உட்காரவில்லை. சுவர் ஓரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முன்னறையில் ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"போன வாரம் அந்தக் கடைசிக் குறிப்பு" என்றான் அவன். வலியை மறக்க அவனுக்கு இருந்த ஒரே வழி, அவள் குறிப்புகளைத் திட்டுவது. "'போகாதே என்றபின் ஓர் உடல், பிறகு கரம்: உட்கார இடம்.' அக்கிரமம்."

"இரு, க், கை. இருக்கை. மெய்னா உடல்தான?"

"மெய்னா உடல். ஆனா எந்த உடல்? தமிழ்ல பதினெட்டு மெய் இருக்கு. பதினெட்டுப் பிணத்தைக் கிடத்திட்டு, அடையாளம் காட்டுன்னு சொல்ற."

"குறுக்க வர்ற எழுத்தை வச்சுக் கண்டுபிடிக்கணும்."

"உன்னைக் கட்டினதுக்கு அந்தப் பதினெட்டுல ஒண்ணா நான் போயிருக்கலாம்."

வழக்கமான சிரிப்பு அவளுக்கு வரவில்லை. வெட்ட மனமில்லாமல் விட்ட சொல் அதுதான். தலையைத் தூக்கவிடாமல், முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி மருந்தை விட்டுவிட்டுத் திரும்பினாள். கூடத்தில் மறுபடி அந்த எதிரொலி. மறுபடி அவளையறியாமல் ஒதுங்கினாள். மேசை நாற்காலியில் உட்கார்ந்தவள் சுருக்கென்று எழுந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.

தானே உட்கார்ந்திருந்த சூடு என்று சொல்லிக்கொண்டாள். அவ்வளவு நேரமா தங்கும் என்ற கேள்வியை, பேரம் படியாத வாடிக்கையாளரை அனுப்புவதுபோல அனுப்பிவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள். புதிய கட்டத்தில் சொற்களை நிரப்பத் தொடங்கினாள். மூன்று எழுத்துக்கு ஓரிடம் இருந்தது. பா. ர. ம். நிதானமாக, அழுத்தி எழுதினாள்.

"ஏய்" என்றான் பின்னறையில் அவன். குரலில் கூச்சச் சிரிப்பு. "முதுகுல என்ன எழுத்து வேண்டியிருக்கு? அதுவும் தலைகீழா."

அவள் பேனா நின்றது.

"பாரம். சரிதான?" என்றான். "பொழுது போகலைன்னா புதுக் குறிப்பைப் படி. நகம் பிறாண்டுது."

மழை ஜன்னல் தகரத்தின் மேல் கொட்ட ஆரம்பித்தது. பேனாவைத் தூக்கி, தாளில் வெற்றிடமாக இருந்த ஓரத்தில் மிக லேசாக ஒரு கோடு இழுத்தாள். இடமிருந்து வலமாக.

"ஸ்ஸ்" என்றான் அவன்.

இன்னொரு கோடு. கொஞ்சம் அழுத்தி.

"வேண்டாங்கிறேன்ல! வலிக்குது!"

பேனாவைக் கீழே வைத்தாள், கண்ணாடியை வைப்பதுபோல. அந்த வீட்டை அவள் மனத்தில் ஒரு தாளாக விரித்துப் பார்த்தாள். மேல் இடது மூலையில் அவள். கீழ் வலது மூலையில் அவன். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அவள் இருக்கும் இடத்தில் அவன் கட்டில். அவள் உட்கார்ந்தால் அங்கே உட்காருகிறது. அவள் எழுதினால் அங்கே எழுதுகிறது. அவள் அவனிடம் போனால் அது இங்கே வருகிறது.

ஜோடி கேட்கிறது.

அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், தொழில் தெரிந்தவளின் அசட்டுத் தைரியமும் கூடவே வந்தது. குறை எங்கேயோ அங்கேயே சரி செய்துவிட்டால் தீர்ந்தது. போன வாரத்துப் பிரதியை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். மேல் மூலையில் அந்த ஒற்றைக் கறுப்பு. கீழ் மூலையில் அவளுடைய அருமைச் சொல்லின் கடைசி எழுத்து. மார்க்கரை எடுத்தாள். போகட்டும் இந்தச் சொல். போகட்டும். அந்தக் கட்டத்தின் நான்கு விளிம்பும் தொட, இரண்டு முறை, மூன்று முறை, தாள் நனைந்து கிழியும்வரை தேய்த்துக் கறுப்பாக்கினாள்.

அவன் அலறினான்.

அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. தொண்டையிலிருந்து வரவில்லை அது. சூடு போடப்பட்ட மாடு போல, உடம்பு முழுவதிலிருந்தும் வந்தது. அதே நேரத்தில் மின்சாரமும் போயிற்று.

ஓடினாள். கூடத்தில் ஒதுங்கினாளா, மோதினாளா, தெரியவில்லை. கட்டிலின் தலைமாட்டில் இருந்த அவசர விளக்கு தானாக எரிந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கீழேயே வைத்திருந்தான். அந்த வலியிலும் தலையைத் தூக்கவில்லை. கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

சட்டையைத் தூக்கினாள். முதுகில் கோடுகள். நெடுக்கிலும் குறுக்கிலும், அளவுகோல் வைத்ததுபோல, சிவந்து. நடுவில் மூன்று எழுத்துகள், தலைகீழாக. இடது தோளுக்குக் கீழே ஒரு சதுரம். கன்றிய நீலமல்ல. கறுப்பு. விளிம்பு கூர்மையாக, தோலில் ஓட்டை போட்டு அந்தப் பக்க இருட்டைக் காட்டுவதுபோல.

"ஏன்டி இப்படிப் பண்ற?" அவன் அழுதான். "கண்ணு தெரியாம கிடக்கிறவன்கிட்ட ஏன் இப்படிப் பண்ற?"

"நான் இல்லைங்க."

"வேற யாரு? வேற யாரு இருக்கா வீட்டுல?"

ஈரத்துணியை எடுத்து அந்தச் சதுரத்தின் மேல் வைத்து, மெதுவாகத் துடைத்தாள்.

முன்னறையில் மார்க்கர் கிறீச்சிட்டது.

துணியை நிறுத்தினாள். கிறீச்சும் நின்றது. மறுபடி ஒரு இழுப்பு. மறுபடி ஒரு கிறீச். தாளின் மேல், கூரிய முனை, ஒரு கட்டத்தை நிரப்பும் சத்தம். வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம். அவள் இவன் முதுகைத் துடைக்கத் துடைக்க, அங்கே அது கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. அங்கே கறுப்பாக்க ஆக்க, இங்கே அவள் விரலுக்கு அடியில், துணிக்குள், இரண்டாவது சதுரம் ஊறிப் பரவியது.

"எடு! கையை எடு!"

எடுத்தாள். கைகளை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள். தொட்டால் இவனுக்கு. தொடாமல் அந்தப் பக்கம் போனால் அது இங்கே வந்து உட்காரும். வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடலாம். போனால் அதுவும் போகும், திரும்பி வந்தால் அதுவும் வரும். குப்புறக் கிடக்கிறவனை விட்டுவிட்டு எத்தனை நாள் தெருவில் நிற்பது?

பயத்திலும் கணக்குப் போடும் மூளை அவளுக்கு. கட்டம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று நினைவுக்கு வந்தது. எல்லாக் கட்டத்துக்கும் எதிர்க்கட்டம் உண்டு. நடுக்கட்டத்துக்கு மட்டும் கிடையாது. தாளை எப்படித் திருப்பினாலும் நடு நடுவிலேயே இருக்கும். ஒரு கல்லாவில் இரண்டு பேர் உட்கார முடியாது. அங்கே அவள் நின்றால் அது எங்கே நிற்கும்? இடமில்லை. அதற்கு இடமே இல்லை.

"நான் கூடத்துல நிக்கிறேன்" என்றாள். "விடியற வரைக்கும் நின்னாலும் நிப்பேன். நீங்க தலையை மட்டும் தூக்காதீங்க. என்ன ஆனாலும் தூக்காதீங்க."

"என்னை விட்டுப் போகாத."

"பக்கத்துலதான் இருக்கேன்."

பின்னறை வாசலுக்கு வந்தாள். முதுகுக்குப் பின்னால் அவசர விளக்கு. அவள் நிழல் அவளுக்கு முன்னால் கூடத்து வெள்ளைத் தரையில் நீண்டு விழுந்தது.

முன்னறையில் விளக்கு இல்லை. ஒரு மெழுகுவத்திகூட இல்லை. அந்த வாசலிலிருந்தும் ஒரு நிழல் நீண்டு வந்தது.

ஒரு அடி வைத்தாள். அதுவும் வைத்தது.

இன்னொரு அடி. இரண்டு நிழல்களின் தலைகளும் கறுப்பு டைல்ஸின் மேல் தொட்டுக்கொண்டன. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தன. நிழலுக்குப் பின்னால் யார் என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தரையை மட்டும் பார்த்தாள். கணவனைப் போலவே. வெள்ளை. வெள்ளை. வெள்ளை. எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு வெறுங்கால்கள் வெளிச்சத்தின் விளிம்புக்கு வந்தன. விரலில் அவளுடைய மெட்டி.

கண்ணை மூடிக்கொண்டாள்.

உடம்பு இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்தது. ஒதுங்கவிடவில்லை. மார்க்கர் நெடி. நெற்றியில் குளிர்ச்சி. மூக்கு நுனியில். உதட்டில். பிறகு உள்ளே, தண்ணீருக்குள் இறங்குவதுபோல, எலும்பு வரைக்கும்.

கடைசி அடி.

கறுப்பு டைல்ஸ் பாதத்துக்கு அடியில் வழவழவென்று இருந்தது. நின்றாள்.

ஒன்றும் இல்லை.

மழைச் சத்தம். அவ்வளவுதான். நாற்காலி இழுபடவில்லை. மெத்தை அமுங்கவில்லை. மார்க்கர் கிறீச்சிடவில்லை. கண்ணைத் திறந்தாள். எதிரே முன்னறை, அதற்கப்பால் தெருக்கதவு. மேசையில் யாரும் இல்லை. தரையில் ஒரே ஒரு நிழல், அவளுடையது. தோற்கடித்துவிட்டாள். கொக்கிக்கே கொக்கி போடப் பார்த்ததை அதன் கணக்கிலேயே மடக்கிவிட்டாள். தெருக்கதவைப் பார்த்தபடி, வாய்க்குள்ளேயே, சத்தமில்லாமல் சிரித்தாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவன் கை ஊன்றி எழுகிற சத்தம்.

"தலையைத் தூக்காதீங்க!"

"தூக்கிட்டேன்" என்றான் அவன். "ஏன் அங்க நின்னு என்னையே பார்த்துட்டிருக்க?"

அவள் தெருக்கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுதான் அவன் பக்கம் இருந்தது.

"சிரிக்காத" என்றான். "கொக்கி... வேண்டாம். அவ்வளவு பல்லு..."

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

அவன் மறுபடி அலறத் தொடங்கினான். அவள் கையை மெதுவாக, மிக மெதுவாக, பின்னந்தலைக்குக் கொண்டுபோனாள். பின்னலுக்கு அடியில் முடி இரண்டாகப் பிரிந்திருந்தது. அந்த வகிட்டுக்குள், ஈரமாக, வெதுவெதுப்பாக, ஒரு மூச்சு அவள் விரல்களின் மேல் பட்டது.